எதிர்வீட்டில் கரண்ட் இருக்கா?

மின்சாரக் கோளாறைக் கண்டுபிடிக்கும் முதல் பாடத்தைத் தமிழ்நாட்டில் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அது ரத்தத்திலேயே வருகிறது. விளக்கு அணைந்ததும் மூன்று வயதுக் குழந்தைகூட ஜன்னலுக்கு ஓடி எதிர்வீட்டை எட்டிப் பார்க்கும். அங்கேயும் இருட்டு என்றால் வீட்டில் ஒரு நிம்மதி பரவும். "எல்லாருக்கும்தான் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு விசிறியைத் தேடத் தொடங்கிவிடுவோம். எதிர்வீட்டில் மட்டும் ஜெகஜோதியாக எரிந்தால்தான் வயிறு எரியும்.

ஆக, விளக்கு எரிவதற்கும் அணைவதற்கும் நம்மிடம் நடைமுறை உண்டு. இரண்டுக்கும் நடுவில் நின்று கண்ணடிக்கிற விளக்குக்குத்தான் இல்லை. எரியவில்லை என்று புகார் கொடுக்க முடியாது, எரிகிறது. எரிகிறதே என்று விட்டுவிடவும் முடியாது. கொஞ்ச நேரம் அதன் கீழே உட்கார்ந்தால் தலை வலிக்கிறது. எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டால், அவர் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டதும் சாதுவாக நின்று எரிகிறது. "நல்லாத்தானே சார் இருக்கு?" என்று நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் போய்விடுவார். வண்டி தெருமுனை திரும்பியதும் மறுபடி கண்ணடிக்கும்.

சென்னைப் புறநகரான திருநின்றவூரில் எங்கள் வீட்டு ஹால் விளக்கு ஐப்பசி மழையில் இந்த வேலையைத் தொடங்கியது. நான்கடி நீள எல்.இ.டி. பட்டி. ஒருநாள் சாயங்காலம் சும்மா இரண்டு முறை மினுக்கியது. வீட்டிலிருந்த நால்வரும் நிமிர்ந்து பார்த்தோம். அந்த நிமிஷமே வீட்டில் நான்கு மின்பொறியாளர்கள் பிறந்துவிட்டார்கள்.

மாமியார்தான் முதலில் வாய் திறந்தார். "மாப்பிள்ளை, எனக்கு இது சாதாரணமா தெரியலை." அவருடைய மின்னியல் படிப்பு முழுக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் நடந்தது. அந்தப் பாடத்திட்டத்தில் விளக்கு மினுக்கினால் அடுத்த காட்சியில் வெள்ளைப் புடவை. நடுவில் வேறு காரணமே கிடையாது. எத்தனையோ பேய்ப் படங்கள் எடுத்த தமிழ் சினிமா, "திருகாணி லூசாக இருந்தது" என்று ஒரு படத்தையாவது முடித்திருந்தால் நாட்டில் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். "நல்லா கவனிங்க, ஃப்ரிட்ஜ் உறுமினா லைட்டு மின்னுது" என்று மாமியார் சேர்த்துச் சொன்னார். பேய் ஃப்ரிட்ஜில் குடியிருக்கிறது என்பது அவர் கட்சி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மனைவியின் நோய் நிர்ணயம் ஒரே வரி: "பல்பு மட்டமான பல்பு." பையன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு எலக்ட்ரானிக்ஸ். அவன் எழுந்திருக்கவே இல்லை. படுத்த வாக்கிலேயே போன் கேமராவை விளக்கின் பக்கம் திருப்பி, "பாருப்பா, கோடு ஓடுது" என்றான். திரையில் கருப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே ஊர்ந்தன. "எல்லா சீப் டிரைவரும் இப்படித்தான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு அதே போனில் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டான்.

நான்காவது ஆள் நான். சுவிட்சைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்துப் பார்ப்பது என் துறை.

வெளியிலிருந்து வந்த ஆலோசகர் பக்கத்து வீட்டு அண்ணன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புறநகரில் ஓய்வு பெற்ற எவரும் ஓய்வில் இருப்பதில்லை. காலையில் ஏரிக்கரையில் நடை, பத்து மணிக்குப் பேப்பர், அதன் பிறகு நாள் முழுக்க இலவச ஆலோசனை. அவர் வந்து, அண்ணாந்து பார்த்து, இடுப்பில் கை வைத்து, "ஃப்ளக்சுவேஷன்" என்றார். அந்தச் சொல்லுக்கு மேல் நம் ஊரில் அப்பீல் கிடையாது. மிக்சி கெட்டாலும், டி.வி. கெட்டாலும், மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் பதில் சொல்லாமல் போனாலும் அதே ஃப்ளக்சுவேஷன்தான்.

ஆனால் அண்ணனிடம் சரக்கு இருந்தது. "குழல் விளக்குக் காலத்திலேயே எங்க பட்டறையில இந்த மினுக்கல் உயிருக்கு உலை வைக்கிற விஷயம் சார். விளக்கு மின்னுற வேகமும், லேத்துல இரும்பைப் பிடிச்சுச் சுத்துற சக்கோட வேகமும் ஒத்துப் போச்சுன்னா, ஓடுற சக்கு நிக்கிற மாதிரி தெரியும். புதுப் பையன் கையை விட்டுருவான்" என்றார். கேட்டதும் எனக்குச் சிலிர்த்தது. அதனால்தான் பட்டறைகளில் விளக்குகளை வெவ்வேறு ஃபேஸில் பிரித்து மாட்டினார்களாம். ஒன்று மங்கும் நேரத்தில் மற்றது பளிச்சென்று இருக்கும், கண் ஏமாறாது. வீட்டில் லேத் இல்லை. ஆனாலும் இந்த விளக்கின் கீழே சீலிங் ஃபேன் சில நேரம் பின்பக்கமாகச் சுற்றுவதை மாமியார் ஏற்கெனவே குறித்து வைத்திருந்தார். பேய்க்கு இன்னொரு சாட்சி.

பையன் காட்டிய கோட்டுக்கு வருவோம். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மின்னழுத்தம் இரண்டு தடவை சுழியைத் தொட்டுவிட்டு எழும். ஆகவே விளக்கு விநாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்க வேண்டும். 2013 டிசம்பர் 31 அன்று தென் மாநிலங்களின் மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்போடு இணைந்த பிறகு, காஷ்மீரில் எரியும் விளக்குக்கும் எங்கள் தெரு விளக்குக்கும் ஒரே தாளம். தேசிய ஒருமைப்பாட்டுக்கு இதைவிடச் சத்தமில்லாத உதாரணம் கிடையாது. நம் கண்ணுக்கு இந்த 100 தெரியாது. வீட்டு ஈக்குத் தெரியும்; அதன் கண் விநாடிக்கு 200-க்கும் மேற்பட்ட மினுக்கலைப் பிரித்துப் பார்க்கும். மட்டமான விளக்கின் கீழே நாம் இட்லி சாப்பிடுகிறோம். ஈ டிஸ்கோவில் சாப்பிடுகிறது.

பழைய குண்டு பல்புக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. அதன் இழை பழுக்கக் காய்ந்து கிடப்பதால், மின்சாரம் ஒரு கணம் தாழ்ந்தாலும் சூடு உடனே இறங்காது. எல்.இ.டி.க்கு அந்தப் பொறுமை இல்லை. மின்சாரம் தாழ்ந்த அதே கணத்தில் அதுவும் தாழும். அதைச் சமாளிக்க பல்பின் அடிவயிற்றில் டிரைவர் என்று ஒரு சின்னச் சுற்றுப் பலகை வைத்திருக்கிறார்கள். மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி, கெப்பாசிட்டர் ஒன்றில் தேக்கி, பள்ளம் வரும்போது அந்தத் தேக்கத்திலிருந்து ஊற்றி நிரவி அனுப்புவது அதன் வேலை. எல்.இ.டி. கெட்டுப்போச்சு என்று நாம் தூக்கிப் போடுகிற பல்புகளில் பெரும்பாலானவற்றில் எல்.இ.டி. நன்றாகவே இருக்கும். செத்தது இந்த டிரைவர்தான். அதிலும் முதலில் போவது கெப்பாசிட்டர். சூடு அதற்கு ஆகாது. பத்து டிகிரி சூடு ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நாமோ அழகுக்காக அந்தப் பல்பைக் காற்றுப் புகாத கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்து, திருநின்றவூர் மே மாதத்தில் மொட்டை மாடிக்கு அடியில் மாட்டுகிறோம்.

அட்டைப்பெட்டியில் 25,000 மணி நேரம் என்று அச்சிட்டிருப்பார்கள். தினம் ஆறு மணி நேரம் எரித்தால் பதினோரு வருஷத்துக்கு மேல். கேரண்டி கார்டில் இரண்டு வருஷம். மீதி ஒன்பது வருஷம் நம்பிக்கையில் எரிய வேண்டும். 1924-ல் ஜெனீவாவில் உலகத்தின் பெரிய பல்பு கம்பெனிகள் கூடி, ஒரு பல்பு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது என்று தங்களுக்குள் ஒப்பந்தமே போட்டன. மீறி நன்றாக எரிகிற பல்பைச் செய்த கம்பெனிக்கு அபராதம். அவர்களாவது நேர்மையாக ஒப்பந்தம் போட்டார்கள்.

இந்த எல்.இ.டி.யின் பரம்பரையைப் பார்த்தால் இப்படி நம் வீட்டில் வந்து கண்ணடிக்க வேண்டிய பொருளே அல்ல. சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. நீலம் மட்டும் முப்பது வருஷம் யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை வெளிச்சம் இல்லை; நீலச் சில்லுக்கு மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சைத் தடவித்தான் வெள்ளையை வரவழைக்கிறார்கள். அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. நாகமுராவுக்கு அவர் வேலை பார்த்த கம்பெனி முதலில் கொடுத்த சன்மானம் 20,000 யென். அவர் கோர்ட்டுக்குப் போய், 2005-ல் சமரசமாக ஏறக்குறைய 84 கோடி யென் வாங்கினார். முப்பது வருஷ விஞ்ஞானம், ஒரு நோபல், ஒரு வழக்கு. இத்தனையும் கடந்து வந்த வெளிச்சத்தை மினுக்க வைக்க நம் ஊரில் ஒரு லூஸ் திருகாணி போதும்.

அப்புறம் விலை. 2015 ஜனவரி 5 அன்று மத்திய அரசு தொடங்கி வைத்த உஜாலா திட்டத்தில் நாடெங்கும் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் போய்ச் சேர்ந்தன. 2014-ல் ஒரு பல்பு 310 ரூபாய்க்குக் கொள்முதலானது. 2016-க்குள் அது 55 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. நல்ல காரியம். ஆனால் அந்த விலையோடு போட்டி போடக் கிளம்பிய பெயர் தெரியாத பல்புகளின் வயிற்றிலிருந்து சில சாமான்களும் இறங்கிவிட்டன. கெப்பாசிட்டரைச் சின்னதாக்கினால் சில ரூபாய் மிச்சம். நமக்கு மிச்சம் தலைவலி.

இப்போது மினுக்கினால் என்ன செய்வது? பழைய டியூப் லைட் காலத்தில் இந்தக் கேள்விக்கு வீட்டிலேயே பதில் இருந்தது. ஸ்டூல் போடு, ஒருத்தர் பிடி, ஒருத்தர் ஏறு, ஸ்டார்ட்டரைக் கழற்றித் திருப்பிப் போடு. எரியவில்லையா, சமையலறை ஸ்டார்ட்டரை எடுத்து இங்கே போடு. அப்புறம் டியூபைக் கொஞ்சம் சுழற்று. கடைசியாக, சோக்கு. இதற்கென்றே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பையன் இருப்பான். படிப்பு வராது, ஸ்டார்ட்டர் திருப்புவதில் கை தேர்ந்தவன். எல்.இ.டி. வந்து அந்தப் பையன்களின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டது. திருப்ப ஒன்றும் இல்லை. ஆனாலும் பழக்கம் விடுமா? எங்கள் வீட்டில் துடைப்பக் கட்டையின் மறுமுனையால் பட்டியைத் தட்டிப் பார்த்தார்கள். தட்டினதும் நின்று எரிந்தது. ஒரு பொருளைத் தட்டினால் சரியாகிறது என்றால் வழியில் எங்கேயோ ஒட்டும் ஒட்டாமலும் ஒரு தொடர்பு இருக்கிறது என்று பொருள். அதைத் தெரிந்துகொண்டு மேலே யோசிப்பதற்குப் பதிலாக, துடைப்பத்தை ஹாலிலேயே நிரந்தரமாக வைத்துவிட்டார்கள்.

உண்மையில் இதற்கு ஒரு நேரான வழி இருக்கிறது, டெஸ்டர்கூட வேண்டாம். மினுக்குகிற பல்பைக் கழற்றி வேறு அறையில் மாட்டுங்கள். அங்கே எரியும் நல்ல பல்பை இங்கே மாட்டுங்கள். மினுக்கல் பல்போடு கூடவே போனால் குற்றவாளி பல்பு. பல்பு போன பிறகும் மினுக்கல் அதே இடத்தில் நின்றால், ஹோல்டர், சுவிட்ச், வயர், இந்த மூன்றில் ஒன்று. ஹோல்டருக்குள் இருக்கும் இரண்டு ஸ்பிரிங் முனைகளும் கருத்து அமுங்கிக் கிடந்தால் அதை மாற்றிவிட வேண்டும். வீட்டில் எல்லா விளக்கும் ஒன்றாக மினுக்கினால் மெயின் போர்டைப் பார்க்க வேண்டும். எதிர்வீட்டிலும் மினுக்கினால் லைன்மேனைப் பார்க்க வேண்டும். பார்த்தீர்களா, நம் முன்னோர் பழக்கிவிட்ட எட்டிப் பார்க்கும் வழக்கம் எவ்வளவு விஞ்ஞானபூர்வமானது!

ஃபால்ஸ் சீலிங்கில் பதித்திருக்கும் பேனல் லைட்டுக்கு இன்னொரு சேதி. அதன் டிரைவர் தனி டப்பாவாக மேலே கிடக்கும். விளக்கையே மாற்றத் தேவையில்லை. அதே வாட்ஸ், அதே கரண்ட் அளவில் டிரைவரை மட்டும் மாற்றினால் போதும். பக்கத்துக் கடையில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்.

சுவிட்சை அணைத்த பிறகும் மினுக்குகிற ஜாதி ஒன்று உண்டு. எங்கள் மாடிப்படி விளக்கு அந்த வகை. ராத்திரி அணைத்துவிட்டுப் படுத்தால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தானே பளிச்சென்று ஒரு மின்னல். மாமியாருக்கு வேறென்ன வேண்டும்? எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொல்லிவிட்டார். காரணம் சுவிட்சில் இருக்கும் அந்தச் சின்னச் சிவப்பு இண்டிகேட்டர். இருட்டில் சுவிட்சைத் தேட வசதியாக அது எரிய வேண்டுமானால், விளக்கு வழியாகத் துளி மின்சாரம் ஓடியாக வேண்டும். குண்டு பல்பு அந்தத் துளியை மதிக்காது. எல்.இ.டி. டிரைவரோ அதைக் கெப்பாசிட்டரில் சேர்த்துச் சேர்த்து, போதிய அளவு வந்ததும் ஒரு தடவை மின்னித் தீர்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து சேர்க்கும். சுவிட்சை மின்சாரம் வரும் ஃபேஸில் போடாமல், திரும்பிப் போகும் நியூட்ரலில் போட்டிருந்தாலும் இதே கூத்து நடக்கும், அது ஆபத்தானதும்கூட. சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பி ஹோல்டரில் கை வைத்தால் அங்கே ஃபேஸ் காத்திருக்கும். எங்கள் வீட்டில் இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சாக மாற்றியதும் பேய் இறங்கியது. எலுமிச்சம்பழம் ரசமாயிற்று.

பக்கத்து வீட்டு அண்ணன் மட்டும் "எல்லாம் ஈ.பி.காரன் வேலை" என்பதிலிருந்து இறங்கி வரவில்லை. அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆவடியிலிருந்து திருவள்ளூர் வரை ரயில் பாதை நெடுக, நெல் விளைந்த இடமெல்லாம் நகர் ஆகிவிட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போர். ஒவ்வொரு போருக்கும் ஒரு மோட்டார். மோட்டார் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்சாரத்தைக் கிளம்பும் கணத்தில் இழுக்கும். காலையில் தெருவே தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் நேரத்தில், டிரான்ஸ்ஃபார்மருக்குத் தூரத்தில் இருக்கும் வீட்டு விளக்குகள் ஒருமுறை குனிந்து நிமிரத்தான் செய்யும். அது வந்து போகிற வணக்கம்; கவலைப்பட வேண்டாம். நாள் முழுக்கக் குனிந்தே இருந்தால் 94987 94987 என்ற மின்னகம், அதாவது மின்வாரியப் புகார் மைய எண்ணுக்குச் சொல்லலாம். 2021 ஜூனில் அதைத் தொடங்கி வைத்தார்கள்.

அதே ஜூன் மாதத்தில்தான் தமிழ்நாட்டு மின்சார வரலாற்றில் அணில் நுழைந்தது. மரக்கிளைகள் கம்பியைத் தொடுகிற இடங்களில் அணில்கள் ஓடுவதாலும் மின்தடை வருகிறது என்று அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி சொல்ல, ஊரே சிரித்தது. மீம் போட்டவர்களுக்கு ஒரு மாதம் தீபாவளி. எனக்கு மட்டும் அணில் பக்கம் கொஞ்சம் அனுதாபம். அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையை 1987-லும் 1994-லும் ஒவ்வொரு அணில் நிறுத்தியிருக்கிறது. மின்கம்பியில் அது ஆடிய ஆட்டத்தில் வியாபாரமே நின்றுபோனது. நியூயார்க் வரை கை நீண்ட ஜீவனை நாம் சாதாரணமாக எடை போடக் கூடாது. ஆனால் எங்கள் ஹால் விளக்கு விஷயத்தில் அணில் நிரபராதி. எதிர்வீட்டில் விளக்கு நின்று எரிந்துகொண்டிருந்தது.

இடம் மாற்றிப் பார்த்ததில் பட்டியும் நிரபராதி என்று தெரிந்தது. மாமியாரின் ஃப்ரிட்ஜ் வாக்குமூலத்தைத்தான் கடைசியில் எலக்ட்ரீஷியன் தம்பி எடுத்துக்கொண்டார். நெமிலிச்சேரிப் பக்கத்துப் பையன். அவர் வந்த அன்றும் விளக்கு வழக்கம்போல ஒழுங்காக எரிந்து அவரை ஏமாற்றப் பார்த்தது. "இருங்க மாப்பிள்ளை, ஃப்ரிட்ஜ் உறுமட்டும்" என்றார் மாமியார். தம்பியும் காத்திருந்தார். ஃப்ரிட்ஜ் உறுமியது. விளக்கு மின்னியது. "அம்மா சொன்னது கரெக்ட்டு சார். ஃப்ரிட்ஜும் ஹாலும் ஒரே லைன்ல இருக்கு. நியூட்ரல்தான்" என்றார். மாமியார் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

தம்பி மெயினை அணைத்தார். அணைத்ததை டெஸ்டரால் உறுதி செய்துகொண்டார். டிபி பாக்ஸின், அதாவது மெயின் பாக்ஸின், மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு பக்கம் எம்சிபி சுவிட்சுகள் வரிசையாக நிற்க, கீழே விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் கட்டை. வீட்டு நியூட்ரல் வயர்கள் அத்தனையும் அதன் ஓட்டைகளில் நுழைந்து திருகாணிகளுக்கு அடியில் உட்கார்ந்திருந்தன. அவற்றில் ஒரு கருப்பு வயர் மட்டும் நுனியில் பழுப்பேறி, மேலுறை உப்பி வெடித்திருந்தது. அந்த இடத்துத் திருகாணியின் தலை நீலம் பாரித்திருந்தது. மூடியைத் திறந்ததும் கருகின பிளாஸ்டிக் வாசனை. தம்பி இரண்டு விரலால் வயரை லேசாகத் தொட்டார். கையோடு வந்துவிட்டது. "பாத்தீங்களா சார்?" என்றார்.

எல்லோரும் ஒரு நிமிஷம் பேசவில்லை. இத்தனை நாளாகப் பல்பைத் திட்டினோம், அணிலைத் திட்டினோம், ஆவியைத் திட்டினோம். விளக்கு கண்ணடித்தது இந்த இடத்தைக் காட்டத்தான். தொடர்பு லூசானால் அங்கே சூடேறும். சூடேறினால் உலோகம் கருகி இன்னும் லூசாகும். இன்னும் லூசானால் இன்னும் சூடு. இந்தச் சுழலின் கடைசிப் படி தீ.

கருகின நுனியை வெட்டி எறிந்து, புதிதாகச் சீவி, வேறு ஓட்டையில் நுழைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். மற்றத் திருகாணிகளையும் வரிசையாக முடுக்கினார். அதில் இன்னும் சில கால் சுற்று, அரைச் சுற்று என்று இடம் கொடுத்தன. "கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் ராத்திரி போட்ட வயரிங்கா சார்?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "எங்க போனாலும் இதேதான் சார். விடிஞ்சா ஹோமம். பந்தல்காரன் கரண்ட் கேப்பான். மாவிலை கட்டுறவங்க ஏணியைப் பிடுங்குவாங்க. அவசரத்துல கையால திருகிட்டு வந்திருப்பாங்க" என்றார்.

இதை வேறெந்த ஊரில் சொன்னாலும் பரவாயில்லை, திருநின்றவூரில் சொல்லலாமா? இது பூசலார் நாயனாரின் ஊர். கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே செங்கல் செங்கல்லாக அவர் கோயில் கட்டி, குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் தன் கற்கோயிலுக்கு நாள் வைத்திருந்தான். இறைவன் கனவில் வந்து, "நாளைக்கு நான் பூசலாரின் கோயிலுக்குப் போகிறேன், உன் விழாவை வேறு நாளைக்கு மாற்றிக்கொள்" என்றார் என்பது பெரியபுராணக் கதை. மன்னனும் மறுபேச்சுப் பேசாமல் தேதியை மாற்றினான். இருதயாலீஸ்வரர் கோயில் அந்த நினைவாக இன்றும் இங்கே இருக்கிறது. பூசலாருக்கு ஒரு வசதி, மனக்கோயிலில் வயரிங் கிடையாது. நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் ராஜாவே தள்ளிவைத்த தேதியை நாம் தள்ளிவைக்க மாட்டோம். பத்திரிகை அடித்தாயிற்று, சம்பந்தி ரயில் டிக்கெட் போட்டாயிற்று, எலக்ட்ரீஷியன் ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிட வேண்டியதுதான்.

தம்பி போகும் முன் அண்ணனுக்கும் சேர்த்து ஒரு பாடம் நடத்தினார். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் மெயின் நியூட்ரலே லூசானால் சமாசாரம் வேறு. ஃபேஸ் என்ற மூன்று மகன்களுக்கும் ஆளுக்கு 230 வோல்ட் என்று சமமாகப் படியளந்துகொண்டிருந்த பெரியவர்தான் நியூட்ரல். அவர் கையை எடுத்துவிட்டால் மூன்று பேரும் 400 வோல்ட்டுக்கு அடித்துக்கொள்வார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், ஏ.சி., அயர்ன் பாக்ஸ் என்று நிறைய இழுக்கிறவனுக்குக் குறைவாகக் கிடைக்கும். மூலையில் ஒரு சின்ன ராத்திரி விளக்கோடு இருக்கிறவன் தலையில் முந்நூறுக்கு மேல் வந்து இறங்கும். அடையாளம் எளிது. சமையலறையில் மிக்சி போட்டதும் படுக்கையறை விளக்கு மங்காமல் இன்னும் பிரகாசமானால் சந்தோஷப்படாதீர்கள். பிளக் பாயிண்ட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்தாலும் இதே சந்தேகம்தான். உடனே மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். மீட்டருக்கு வரும் சர்வீஸ் வயர் வரை ஈ.பி. பொறுப்பு; மீட்டரைத் தாண்டினால் நம் பொறுப்பு.

"அப்ப ஃப்ளக்சுவேஷன் இல்லையா?" என்று அண்ணன் கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். "அதுவும் இருக்குண்ணே" என்று தம்பி பெரிய மனசோடு சொன்னார்.

ஆகவே வாசகர்களுக்குச் சொல்வது இதுதான். ஒரு விளக்கு மட்டும் மினுக்கினால் நல்ல கம்பெனிப் பல்பு ஒன்று வாங்கி மாட்டுங்கள், தீர்ந்தது. பல்பு மாற்றியும் மினுக்கினால், சுவிட்ச் போர்டு சுட்டால், எங்கேயாவது கருகின வாசனை வந்தால், துடைப்பத்தை எடுக்காதீர்கள், மெயின் பாக்ஸையும் நீங்களே நோண்டாதீர்கள். விஷயம் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது எல்லாத் திருகாணிகளையும் முடுக்கச் சொல்லுங்கள். புதுவீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், நாள் பார்க்க ஜோசியரிடம் போகும் முன் எலக்ட்ரீஷியனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்றால் கொடுத்துவிடுங்கள். அடுத்த முகூர்த்தம் எப்படியும் அதே பஞ்சாங்கத்தில்தான் இருக்கிறது.